திரும்பும் படகைப் பாருங்கள்: தீவுத் திகில் படங்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு மலையிறங்கும் பஸ்ஸில் பாதி வழி போனதும் காற்றில் ஈரம் தட்டும். தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் அந்த ஈரமும் அதற்குப் பின்னால் கேட்கும் இரைச்சலும்தான். கடலைப் பார்க்க எந்தத் திசையில் புறப்பட்டாலும் அரை நாள் பயணம். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு தீவுகளில் நடக்கும் திகில் படங்களுக்கு ஒரு வழிகாட்டி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் தாய்மாமா ஒகேனக்கல்லில் பல ஆண்டுகள் பரிசல் ஓட்டியவர். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டில் என்னை இறக்கிவிட்டு, அக்கரையில் நின்ற இரண்டு பேரை ஏற்றிவரப் போனார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சுடு மணல், பாறைகள், தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்ற ஒரு கொக்கு. பயப்பட அங்கே எதுவும் இல்லை. ஆனால் மாமாவின் பரிசல் பாறைக்குப் பின்னால் மறைந்த நொடியில் என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. அதே கொக்கு, அதே மணல். எல்லாம் வேறு மாதிரி தெரிந்தன. பல ஆண்டுகள் கழித்துத் தீவுத் திகில் படங்களைப் பார்க்கத் தொடங்கியபோது, இவை எல்லாமே அந்தக் கால் மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக நீட்டிக் காட்டுகின்றன என்று புரிந்தது.

ஆகவே நான் சொல்லப்போவது முழுவதும் ஒரே ஒரு பழக்கத்தைச் சுற்றியே இருக்கும். படத்தில் பேய் எங்கே, மிருகம் எங்கே என்று தேடாதீர்கள். படகு எங்கே என்று பாருங்கள்.

முதல் படி: மூன்று கேள்விகளோடு உட்காருங்கள்

ஆற்றின் நடுவே இருக்கும் நிலத்துக்குத் தமிழில் அரங்கம் என்று ஒரு பெயர் உண்டு. திருவரங்கத்துக்கு அப்படித்தான் பெயர் வந்தது. நாடகம் நடக்கும் இடத்துக்கும், இன்று படம் பார்க்கும் இடத்துக்கும் அதே சொல். தீவுப் படங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. நான்கு பக்கமும் அடைத்த மேடை அது. உள்ளே வந்தவர்கள் கதை முடியும்வரை வெளியே போக முடியாது, போலீஸ் வராது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். இருப்பதை வைத்து, இருப்பவர்களோடு சமாளிக்க வேண்டும்.

படம் தொடங்கியதும் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களைத் தீவில் கொண்டுவந்து விட்டது யார்? திரும்ப அழைத்துப்போக எப்போது வருவதாகச் சொன்னார்கள்? இப்போது படகு யார் கையில் இருக்கிறது? நல்ல படம் இந்த மூன்றுக்கும் முதல் இருபது நிமிடத்துக்குள் பதில் சொல்லிவிடும். அதற்குப்பின் அந்தப் பதில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும். இதைக் கவனிக்கப் பழகினால், அலறலும் திடீர்ச் சத்தமும் இல்லாத காட்சியில்கூட உங்களுக்குக் கை சில்லிடும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருப்பவன்; மழை வளம் பெருகி, அவனிடம் உண்ண வருவோர் இல்லாமல் போகிறார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்றுக்காகக் கப்பல் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்குகிறது. அவன் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணி, இருட்டில் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. எத்தனை பேருக்கும் சோறு போடும் பாத்திரம் கையில் இருக்கிறது, உண்ண ஒரு ஆள் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான். யாரும் அவனைத் துரத்தவில்லை, யாரும் கெட்டவரில்லை. ஒரு கப்பல் எண்ணிக்கையில் பிழை செய்தது, அவ்வளவுதான். நான் பார்த்த எந்தத் தீவுப் படமும் இதைவிட ஆழமாக என்னைத் தொட்டதில்லை.

அதே நூலில் சாதுவன் கதையும் இருக்கிறது. கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர் வாழும் மலையில் கரை ஒதுங்குகிறான். அசதியில் மரத்தடியில் தூங்கிவிடுகிறான். தின்ன வந்தவர்கள் அவனை எழுப்புகிறார்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் பிழைக்கிறான். பிறகு சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் ஊர் திரும்புகிறான். ஒருவனுக்குக் கப்பல் போய்விட்டது, இன்னொருவனுக்குக் கப்பல் வந்தது. இந்த இரண்டு கதைகளையும் படித்துவிட்டு வருகிறவர் பாதிப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் வருகிறார்.

இரண்டாம் படி: அறையைத் தயார் செய்யுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவுப் படங்களில் இருட்டும் மூடுபனியும் அதிகம். தெருவிளக்கு வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு ஒரு போர்வையைக் கட்டுங்கள். தொலைக்காட்சியின் படப் பகுதியில் நிறத்தைப் பளிச்சென்று காட்டும் அமைப்பை மாற்றி, திரைப்படத்துக்கான அமைப்பை வையுங்கள். அசைவை மழமழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பழைய படங்களைத் தொலைக்காட்சித் தொடர்போல ஆக்கிவிடும். கைப்பேசியில்தான் பார்க்க முடியும் என்றால் நல்ல ஹெட்போன் கட்டாயம். அலையும் காற்றும் இந்தப் படங்களில் ஒரு பாத்திரம் மாதிரி. அவை கேட்காவிட்டால் பாதிப் படம் போய்விட்டது.

பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் மொழிமாற்றம் கிடைக்காது. ஆங்கில வசனவரிகளை நம்பித்தான் பார்க்க வேண்டும். வேகமாக வாசிக்க வராதவர்கள் தயங்க வேண்டாம். இந்த வகைப் படங்களில் பேச்சு குறைவு. தேவைப்பட்டால் நிறுத்தி வாசித்துவிட்டுத் தொடருங்கள்.

சான்றிதழைப் பார்க்காமல் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். நம் நாட்டில் யு/ஏ சான்றிதழ் 2024 முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ என்றால் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். இணையத் தளங்களிலும் இதே மாதிரியான வயதுக் குறிப்பு படத்தின் தொடக்கத்தில் வரும். பயம் பிடித்துக்கொண்ட குழந்தை அதை வாய்விட்டுச் சொல்லாது, இரவில் விளக்கை அணைக்க விடாது. என் அத்தை மகளின் பிள்ளையிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாம் படி: ஒரு மணி நேரப் படத்தில் தொடங்குங்கள்

முதல் படமாக 1932இல் வந்த 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அமெரிக்காவில் காப்புரிமை முடிந்த படம் என்பதால் இணையத்தில் முறையாகவே இலவசமாகக் கிடைக்கிறது. திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டியதில்லை. ரிச்சர்ட் கானெல் 1924இல் எழுதிய சிறுகதையை வைத்து எடுத்தது.

தொடக்கக் காட்சியைத் தவறவிடாதீர்கள். கடல் வரைபடத்தில் இருக்கும் இடத்தில் விளக்குகள் இல்லை, வேறு இடத்தில் எரிகின்றன. கப்பல் தலைவர் சந்தேகப்படுகிறார். பயணிகள் அவரை அவசரப்படுத்துகிறார்கள். கப்பல் உடைகிறது. ஒருவன் மட்டும் தீவில் கரையேறுகிறான். அங்கே ஒரு மாளிகை, வேட்டையில் வெறிகொண்ட ஒரு பிரபு. அவன் எதை வேட்டையாடுகிறான் என்பதைப் படமே சொல்லட்டும். முதல் கேள்விக்கான பதில், அதாவது கொண்டுவந்து விட்டது யார் என்பது, இந்தப் படத்தில் எவ்வளவு கொடூரமாக விடிகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இந்தப் படத்தின் காடும், 1933இல் வெளிவந்த 'கிங் காங்' படத்தின் காடும் ஒரே செட். அதில் நடித்த ஃபே ரேதான் இதிலும் கதாநாயகி. ஒரே காட்டுக்குள் இரண்டு தீவுகளை உண்டாக்கியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும். தீவு என்பது நிலத்தில் இல்லை, எடுக்கும் விதத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான்காம் படி: ஊர் பக்கம் நின்று 'ஜாஸ்' பாருங்கள்

1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜாஸ்' சுறாப் படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு தீவுப் படம் என்பதை மறந்துவிடுகிறோம். அமிட்டி என்ற கற்பனைத் தீவு. கோடை விடுமுறைக்கு வருகிறவர்களை நம்பித்தான் அந்த ஊர் ஆண்டு முழுவதும் பிழைக்கிறது. கடலில் சுறா இருக்கிறது, கடற்கரையை மூட வேண்டும் என்கிறார் போலீஸ் அதிகாரி. அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 விடுமுறை வருகிறது, மூட முடியாது என்கிறார் மேயர்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த மேயரை வில்லனாக்கிவிடுவார்கள். நான் ஒகேனக்கல்லைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. ஆடிப்பெருக்கு நெருங்கும்போது கர்நாடக அணைகளில் உபரி நீர் திறந்துவிட்டால், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி என்று மணிக்கு மணி செய்தி வரும். பிறகு அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை. அந்த நாட்களில் பரிசல்துறையில் பரிசல்கள் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கும். மீன் வறுக்கும் அக்காக்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், சமைத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டில் பிழைக்கக் கிடைக்கும் சில வாரங்களில் ஒரு வாரம் போய்விட்டது என்று அர்த்தம். தடை சரியானதுதான். ஆற்றின் சுழலை அறிந்த என் மாமா ஒருநாளும் அதை மீறியதில்லை. ஆனாலும் அன்று அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை அவர் முகத்தில் இருக்கும்.

இந்தக் கவலையோடு 'ஜாஸ்' பாருங்கள். மேயர் செய்வது தவறு என்பது மாறாது. ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்போது படம் இன்னும் கனமாகிறது. அங்கே படகு அவர்களைக் காப்பாற்ற வரும் ஒன்று இல்லை. பணத்தைக் கொண்டுவரும் ஒன்று. அது வராமல் போய்விடுமோ என்பதே அந்த ஊரின் பயம்.

இன்னொன்று. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதானது. அதனால் சுறாவைக் காட்டாமலே காட்சிகளை எடுக்க வேண்டி வந்தது. மிதக்கும் மஞ்சள் பீப்பாய், தண்ணீர் மட்டத்திலேயே தவழும் கேமரா, பின்னால் வரும் இரண்டு சுர இசை. காட்டாமல் விடுவதன் பலம் என்ன என்று கற்றுக்கொள்ள வேறு பள்ளி வேண்டாம்.

ஐந்தாம் படி: 'தி விக்கர் மேன்', அவசரப்படாமல்

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டிய படமே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1973, இயக்கம் ராபின் ஹார்டி. 2006இல் வந்த மறு ஆக்கத்தை எடுத்துவிடாதீர்கள். தேடும்போது ஆண்டைச் சரிபாருங்கள். பழைய படத்துக்கே நீளம் வேறுபடும் பல பிரதிகள் உண்டு. 2013இல் செப்பனிட்டு வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தின் கரைக்கு அப்பால் சம்மரைல் என்ற கற்பனைத் தீவு. ஒரு சிறுமியைக் காணவில்லை என்று பெயரில்லாத கடிதம் வர, ஹவி என்ற போலீஸ்காரர் கடல் விமானத்தில் தனியாக வந்து இறங்குகிறார். கரைக்கு வர ஒரு சிறு படகு அனுப்புங்கள் என்று கேட்கிறார். கரையில் நிற்கும் முதியவர்கள் தயங்குகிறார்கள். இது தனியார் தீவு, பிரபுவின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். படம் தொடங்கிச் சில நிமிடங்களில் நம் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. படகு அவர்கள் கையில். ஹவி மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

படம் முழுக்கப் பாட்டு. பகல் வெளிச்சம், பூக்கள், சிரித்த முகங்கள். யாரும் மிரட்டவில்லை. அந்தச் சிறுமியை எங்களுக்குத் தெரியாது என்று இனிமையாகச் சொல்கிறார்கள். தீவில் பழைய தெய்வங்களின் வழிபாடு நடக்கிறது. ஹவியோ கிறித்தவத்தில் அசையாத நம்பிக்கை உள்ளவர்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி வாசல் திறக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நம் கிராமங்களில் கேளுங்கள். ஊரைவிட்டு வெளியே போய் இரவு தங்கக் கூடாது. வெளியூர் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் என் அண்ணன் கிருஷ்ணகிரியில் வேலை பார்த்த காலத்தில், காப்புக் கட்டிய நாட்களில் கடைசி பஸ்ஸைப் பிடித்து நள்ளிரவிலாவது வந்து சேருவார். அந்த நாட்களில் வேலியோ சுவரோ இல்லாமலே ஊர் ஒரு தீவாகிவிடும். சுற்றிலும் தண்ணீருக்குப் பதில் ஒரு சொல் நிற்கும். உள்ளே இருக்கும்போது அது பயமாக இருக்காது. பாதுகாப்பாக, நெருக்கமாக இருக்கும். இந்த உணர்வை அறிந்த ஒருவர் 'தி விக்கர் மேன்' பார்க்கும்போது, அந்தத் தீவுக்காரர்களைப் பைத்தியங்கள் என்று தள்ளிவிட முடியாது. முந்தைய ஆண்டு அவர்களுடைய ஆப்பிள் விளைச்சல் பொய்த்திருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் கொடும்பாவி கட்டி இழுத்த கதையை நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விளையாத நிலத்தின் முன்னால் மனிதர்களுக்கு வரும் பதற்றம் எங்கும் ஒன்றே.

அதனால் இந்தப் படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஹவியோடு நடந்து போங்கள். இரண்டாம் முறை தீவுக்காரர்கள் பக்கம் நின்று, ஹவி கதவைத் தட்டும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். முடிவை யாரிடமும் கேட்காதீர்கள், யாருக்கும் சொல்லாதீர்கள்.

படத்தில் நடப்பது மே மாதத் தொடக்கத்தை ஒட்டிய வசந்த காலம். எடுத்தது குளிர் தொடங்கிய இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் பெருநிலப்பரப்பில். பூத்த மரங்களுக்காகச் செயற்கைப் பூக்களை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வசந்தத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உங்கள் கண் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

ஆறாம் படி: ரத்தமில்லாத இரண்டு வீடுகள்

வெட்டும் குத்தும் பார்க்க முடியாதவர்கள் மேலே சொன்னவற்றுக்கு முன்பே இங்கே வந்துவிடலாம். 'தி அதர்ஸ்', 2001, இயக்கம் அலெஹான்ட்ரோ அமெனாபார். 1945, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் 1940 முதல் பிடித்து வைத்திருந்த தீவு அது. போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. வெளிச்சம் பட்டால் உடல் தாங்காத இரண்டு குழந்தைகளோடு தாய் ஒரு பெரிய வீட்டில் இருக்கிறாள். ஒரு கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்த கதவைத் திறக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். வெளியே மூடுபனி. தீவுக்குள் வீடு, வீட்டுக்குள் அறை, அறைக்குள் இருட்டு என்று தீவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும் படம்.

'தி வுமன் இன் பிளாக்', 2012. சூசன் ஹில்லின் 1983 நாவலிலிருந்து வந்தது. இதில் வீடு இருப்பது சதுப்பு நிலத்தின் நடுவே. போய்வர ஒரே பாதை. கடல் ஏறினால் பாதை மூழ்கும், இறங்கினால் தெரியும். இதைத் தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கிவிட்டால் அந்தப் பக்கத்து ஊர் அன்றிரவு தீவுதான். பாலத்தின் மேல் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கரையில் நின்று கணக்குப் போட்டவர்களுக்கு, அந்தப் படத்தில் பாதை மறையும் காட்சி வேறு விதமாகப் பிடிக்கும்.

ஏழாம் படி: ஆசியப் பக்கம் திரும்புங்கள்

ஜப்பானின் 'மாட்டாங்கோ', 1963. 1954இல் காட்ஸில்லாவைத் திரைக்குக் கொண்டுவந்த இஷிரோ ஹோண்டாதான் இயக்கம். படகு பழுதாகி ஒரு தீவில் ஒதுங்கும் ஏழு பேர். தின்ன எதுவும் இல்லை. காளான் மட்டும் ஏராளம். அதைத் தின்னக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. பசி எத்தனை நாள் பொறுக்கும் என்பதே கதை. ஆபுத்திரனைப் படித்துவிட்டு இதைப் பாருங்கள். சோறு இருந்தும் உண்பார் இல்லாத தீவும், உண்பார் இருந்தும் சோறு இல்லாத தீவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

தென்கொரியாவின் 'பெடெவில்ட்', 2010, இயக்கம் ஜாங் சியோல்சூ. இது பெரியவர்களுக்கு மட்டும். பாலியல் வன்முறையும் குடும்ப வன்முறையும் நேரடியாக வருகின்றன. அப்படிப்பட்ட காட்சிகள் உங்களைக் காயப்படுத்தும் என்றால் விட்டுவிடுங்கள், இழப்பில்லை. சோல் நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஓய்வுக்காகச் சிறு வயதில் வாழ்ந்த தீவுக்குப் போகிறாள். அங்கே அவளுடைய பழைய தோழி அடிமைபோல வாழ்கிறாள். அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. வந்தவளும் திறப்பதில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களைப் பற்றி இவ்வளவு கோபத்தோடு எடுத்த படத்தை நான் பார்த்ததில்லை. நம் ஊர்களிலும் கதவுக்குப் பின்னால் கேட்ட அழுகையை அது அவர்கள் குடும்ப விவகாரம் என்று கடந்து போயிருக்கிறோம். இந்தப் படம் முடிந்த இரவு எனக்கு அப்படி ஒரு கதவு நினைவுக்கு வந்தது.

இதற்குப் பிறகு மனம் லேசாக வேண்டும் என்றால் இந்தியில் 2013இல் வந்த 'கோ கோவா கான்' இருக்கிறது. கோவாவுக்கு அருகே ஒரு தீவு, ஒரு விருந்து, விடிந்ததும் நடமாடும் பிணங்கள். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், போதைப் பழக்கம் வருவதால் இதுவும் பெரியவர்களுக்குத்தான்.

எட்டாம் படி: 'தி லைட்ஹவுஸ்', கடைசியில்

நான் ஒரு தவறு செய்தேன். என் தங்கைக்கும் அவள் தோழிகளுக்கும் முதல் படமாக இதைப் போட்டேன். இருபது நிமிடத்தில் இருவர் தூங்கிவிட்டார்கள். படத்தின் குறை அல்ல அது, வரிசை தவறு.

2019, இயக்கம் ராபர்ட் எகர்ஸ். கருப்பு வெள்ளை. சட்டகம் ஏறக்குறையச் சதுரம், 1.19க்கு 1. அகலத் திரைக்குப் பழகிய கண்ணுக்கு இரு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல இருக்கும். தொலைக்காட்சியில் அதை இழுத்து அகலப்படுத்திவிடாதீர்கள். அந்த நெருக்கம்தான் படம். ஒரு பாறைத் தீவில் நான்கு வார முறைக்காக வந்த இரண்டு கலங்கரை விளக்கக் காவலர்கள். ஒருவர் முதியவர், ஒருவன் இளையவன். முறை முடிகிற நாளில் புயல். மாற்று ஆட்களோடு வர வேண்டிய படகு வரவில்லை. அதன்பின் நாட்கணக்கு அவர்களுக்கும் தப்பிவிடுகிறது, நமக்கும் தப்பிவிடுகிறது. பழங்கால மாலுமிகளின் ஆங்கிலம் என்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் வசனவரிகளோடு பார்ப்பது நல்லது.

இதன் பின்னால் ஒரு உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. 1801இல் வேல்ஸ் நாட்டுக் கரைக்கு அப்பால் ஸ்மால்ஸ் பாறைக் கலங்கரை விளக்கத்தில் இரண்டு காவலர்கள். இருவர் பெயரும் தாமஸ். ஒருவர் இறந்துபோனார். உடலைக் கடலில் விட்டால் கொன்றுவிட்டதாகச் சொல்வார்களோ என்று பயந்த மற்றவர், ஒரு பெட்டி செய்து உடலை அதில் வைத்து வெளியே கட்டிவைத்தார். புயலால் படகு வாரக்கணக்கில் நெருங்க முடியவில்லை. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இரண்டுக்குப் பதில் மூன்று காவலர்களை வைக்கும் வழக்கம் வந்தது. இதை என் மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: தூரத்தில் வந்த படகுகள் அவர் கையசைப்பதைப் பார்த்திருக்குமே?

இந்தப் படம் பிடித்தவர்கள் அடுத்து மார்க் ஜென்கின் 2022இல் எடுத்த 'எனிஸ் மென்' பார்க்கலாம். ஒரு பெண், ஒரு தீவு, தினமும் ஒரு பூவைப் பார்த்துக் குறிப்பேட்டில் மாற்றமில்லை என்று எழுதுகிறாள். மெதுவான படம், பொறுமை இல்லாத நாளில் தொட வேண்டாம். 1976இல் வந்த ஸ்பெயின் நாட்டுப் படமான 'ஹூ கேன் கில் எ சைல்ட்' மிக வலிமையானது. ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தொடக்கத்தில் போரிலும் பஞ்சத்திலும் வாடிய குழந்தைகளின் உண்மையான காட்சிகள் வருகின்றன.

ஒன்பதாம் படி: தண்ணீரில்லாத தீவுகளையும் பாருங்கள்

கண் பழகிவிட்டால் தீவுகள் எங்கும் தெரியத் தொடங்கும். பென்னாகரம் பக்கத்தில் கோட்டூர் மலை இருக்கிறது. பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போன படத்தை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு அந்த ஒற்றையடிப் பாதைதான் படகாக இருந்திருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களை வைத்துத் திகில் கதை பின்ன நான் சொல்லவில்லை. திரும்பும் வழி ஒன்றே ஒன்று என்றால் ஒரு மனிதரின் நாள் எப்படி மாறுகிறது என்பதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எதிர்காலத்தில் நீங்களே ஒரு குறும்படம் எடுப்பதாக இருந்தால் கடல் தேட வேண்டாம்.

கடைசியாக, முடிந்தால் ஒருமுறை ஒகேனக்கல்லுக்கு வாருங்கள். புறப்படுமுன் அன்றைய நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். பரிசல் தடை இருந்தால் வேறு நாள் வாருங்கள். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடையைத் திட்டில் இறங்கிய பிறகும் கழற்றாதீர்கள். பரிசல் ஓட்டுகிறவரிடம் சொல்லி ஒரு மணல் திட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள், கைப்பேசியை எடுக்காமல். பரிசலை மட்டும் அனுப்பிவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கரையோரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.